திரும்பி வந்த ஐம்பத்தெட்டு

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி நிலவரம் இதுதான். வாங்கியவர்கள் தொண்ணூற்றேழு பேர். வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஐம்பத்தெட்டு பேர்.

மாடி அறையில் இஷாக் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபர்ஹீன் வைத்துவிட்டுப் போன டீ ஏடு கட்டிக் கிடந்தது.

பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, ஆத்தூர் சிவபிரகாஷோடு சேர்ந்து அவன் பதினெட்டு மாதம் உழைத்த உழைப்பு செவ்வாய்க்கிழமை காலை வெளியே வந்திருந்தது. 'உப்புத்துறை' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. பதினாறு வருடங்களுக்கு முன் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்தது. துறைமுகம் கட்டி, படகு விட்டு, உப்பு விற்கிற ஆட்டம். அதை உரியவர்களிடம் அனுமதி வாங்கிக் கைப்பேசிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விலை எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். ஒரே தடவை கொடுத்தால் போதும். நடுவில் விளம்பரம் வராது, மேற்கொண்டு எதற்கும் காசு கேட்காது. இந்த ஏற்பாட்டுக்காகவே இஷாக் பலரோடு சண்டை போட்டிருந்தான்.

போன வாரம் வந்த சிங்கப்பூர்க் கடிதம் மேசை ஓரத்தில் கிடந்தது. நல்ல வேலை, நல்ல சம்பளம். முதல் வருடம் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பதில் இன்று மாலை ஆறு மணிக்குள் வேண்டும்.

கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏனுங்க, டீ ஆறிப்போச்சுங்க. வேற போட்டுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டபடி ஃபர்ஹீன் மறுபடி வந்தாள். அவள் ஒட்டன்சத்திரம் காய்கறி கமிஷன் மண்டிக்காரர் மகள். திண்டுக்கல்லுக்கு வந்தும் அந்த 'ங்க' அவளை விட்டுப் போகவில்லை.

"டீ கெடக்கட்டும். ஸ்டாரப் பாரு ஃபர்ஹீன். அம்பத்தஞ்சு பேரு அஞ்சு ஸ்டார் போட்ருக்காங்க. மோசம்னு ஒருத்தன் சொல்லல. ஆனா அம்பத்தெட்டுப் பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒவ்வொருத்தனும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வச்சிருந்துட்டுத் திருப்பிருக்கான். இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"ஆட்டம் நல்லாருக்கு. வெலதான் நல்லால்ல. அம்புட்டுத்தான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாங்கியவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும் என்பது அந்த ஆப் கடையின் விதி. ஆட்டத்தைப் புகழ்ந்துவிட்டு ஒருவன் திருப்பிக் கொடுக்கிறான் என்றால் குறை விலையில்தானே இருக்க வேண்டும்?

வாங்காமலேயே திட்டியவர்களுக்கும் குறைவில்லை. அவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவது ஃபர்ஹீனின் வேலை. 'இதே ஆட்டம் கம்ப்யூட்டரில் தள்ளுபடி நாளில் நூற்றிருபது ரூபாய். போனில் எழுநூற்று நாற்பத்தொன்பதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'நான் அந்தக் காலத்திலேயே காசு கொடுத்து வாங்கியவன். எனக்கு ஏன் சும்மா தரக்கூடாது?' என்று இன்னொருவர். எல்லோருக்கும் அவள் பணிவாகப் பதில் எழுதியிருந்தாள். விலையை முதன்முதலாகக் கேட்ட அன்று தனக்கும் அதேதான் தோன்றியது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன செய்யப் போறீங்க?"

"நூத்தி நாப்பத்தொம்பதுன்னு கொறைச்சிர்றேன். படகு வந்து சேர்ற வரைக்கும் நடுவுல விளம்பரம் போடலாம். சனி ஞாயிறுக்கு மாத்தணும்னா ஆறு மணிக்குள்ள ஆப் கடைக்குச் சொல்லிரணும்."

"அப்புறம் சிங்கப்பூருங்க?"

"நூத்தி நாப்பத்தொம்பதுல நான் ஒருத்தன் கூட இதுல உக்காந்து சாப்பிட முடியாது. அப்ப என்ன, போக வேண்டியதுதான்."

சிவபிரகாஷை அழைத்துச் சொன்னான். ஸ்பீக்கரில் இருந்ததால் ஃபர்ஹீனுக்கும் கேட்டது.

"படகு கரைக்கு வர்ற நேரத்துல பல்பொடி விளம்பரமா? ஏலே, நான் ஒண்ணரை வருசமா ஒவ்வொரு அலையா வரைஞ்சது பல்பொடிக்காடா?"

"எண்ணு என்ன சொல்லுதோ அதத்தான் நானும் சொல்றேன்."

"எண்ணு கெடக்குது. சாயங்காலம் வரைக்கும் எதையும் அமுக்கித் தொலைச்சிராத" என்று சொல்லி சிவபிரகாஷ் வைத்துவிட்டான்.

கீழே காலைச் சாப்பாட்டில் பேச்சு அதைவிடச் சூடாக இருந்தது. இஷாக்கின் அப்பா சனாவுல்லாவுக்குப் பேகம்பூரில் பிரியாணிக் கடை. காலையில் கறி வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருவார்.

"பதினாறு வருசத்துக்கு முன்னாடி வந்த ஆட்டம்தான அது? பழசச் சூடு பண்ணிப் புது வெலைக்கு விக்கிறது நம்ம கடையில உண்டா?"

"சூடு பண்ணல அத்தா. மவுசுக்குச் செஞ்சத வெரலுக்கு மாத்திருக்கோம். ஒரு வெரல வச்சா அடியில மூணு படகு மறைஞ்சு போகும். ஒவ்வொண்ணையும் புதுசா..."

"எல்லாம் சரி. உள்ள இருக்குறது அதே உப்புத்தான?"

சட்னிக் கிண்ணத்தோடு வந்த அவர் மனைவி ஜெய்தூன் பீவி நின்றாள். "திங்கக்கெழம பார்சலுக்குப் பத்து ரூவா ஏத்துனது யாரு? அது மட்டும் வேற சோறா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

சனாவுல்லா மருமகளைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு இட்லி வைம்மா."

மகனைக் கண்டால் ஜெய்தூனுக்கு இந்த நாலு நாளாகவே ஒரு ரகசியச் சந்தோஷம். "நீ கவலைப்படாத அப்பு. எல்லாரும் அஞ்சு ஸ்டாருதான் போட்டிருப்பாங்க பாரு" என்று அவன் தட்டில் சட்னியை ஊற்றினாள். இஷாக் பாதியில் கை கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அவ்வளவு சரியாக மாமிக்கு எப்படித் தெரிந்தது என்று ஃபர்ஹீன் அப்போது யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. பன்னிரண்டரை ஆனதும் சனாவுல்லாவும் மற்ற ஆண்களும் ஜும்மாவுக்குப் போய்விடுவார்கள். தொழுகை முடிந்து வரும் கூட்டத்துக்கு முன்னால் கடையைப் பூட்டவும் முடியாது. அதனால் அண்டாவும் பார்சலும் சுருளிவேல் பொறுப்பு. கல்லாவில் வீட்டுப் பெண்கள் யாராவது உட்கார வேண்டும். கல்யாணமாகி வந்த மூன்றாவது வாரத்திலிருந்து அந்த நாற்காலி ஃபர்ஹீனுக்கு.

சுருளிவேல் இருபது வருடமாக அங்கே பார்சல் கட்டுகிறவர். அன்றைக்கு அவரோடு மல்லுக்கு நின்றவர் வேடசந்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஆள்.

"ஒக்காந்து தின்னா ஒரு வெல, கட்டிக்கிட்டுப் போனா ஒரு வெலையா? மறுசோறும் கெடையாது. இதென்னய்யா ஞாயம்?"

"அண்ணே, இங்கன தின்னீங்கன்னா எலையில சால்னாவ ஊத்திட்டு நான் பாட்டுக்குப் போயிருவேன். பார்சல்னா அப்புடியா? வேடசந்தூருல போயித் தொறக்கயில சோறு குழையக் கூடாது, சால்னா கசியக் கூடாது, தயிர்வெங்காயம் தண்ணி விடக் கூடாது. இங்க இருக்க மாதிரியே அங்கயும் இருக்கணும்ல? கட்டுறதும் ஒரு சமையல்தாண்ணே."

"நல்லாப் பேசுற. காசு வாங்கத் தெரியுது. பையில என்னத்த வச்சிருக்கன்னு பாத்தியா?"

சுருளிவேல் பையை விரித்துப் பார்த்தார். சோறு இருந்தது. தயிர்வெங்காயம் இருந்தது. சால்னா இல்லை.

"தப்புத்தாண்ணே" என்று தலையைச் சொறிந்துகொண்டு, சால்னாப் பொட்டலம் இரண்டை உள்ளே வைத்தார் சுருளிவேல்.

"ஆங். இப்ப ஏத்தி வாங்கு, குடுக்குறேன். சால்னா இல்லாமக் கட்டிட்டு ஏத்தி வாங்குனா அதுக்குப் பேரு கொள்ளை" என்று சொல்லிக் கேட்ட தொகையைக் கல்லாவில் வைத்துவிட்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

ஃபர்ஹீனுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் இஷாக்கிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் இன்றைக்குச் சிரிக்கிற நிலையில் இல்லை என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

ஒன்றேகாலுக்கு பாஸிலா வந்தாள். ஜெய்தூனின் தங்கை மகள். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காலேஜ் வருகிறவள்.

"மதினி, அம்மா ரெண்டு பார்சல் வாங்கிட்டு வரச் சொன்னுச்சு. அப்பறம் மதினி, நானும் போட்டுட்டேன்."

"என்னத்தப் போட்ட?"

"அஞ்சு ஸ்டாரு. நான், அம்மா, அண்ணன், சின்னவன் போன்ல ஒண்ணு. பெரியம்மா சொன்ன மாதிரியே ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருப்பியும் குடுத்தாச்சு. அம்மாவுக்குத்தான் காசு இன்னும் வரலன்னு ஒரே பொலம்பல்."

ஃபர்ஹீனின் கை கல்லாவின் விளிம்பைப் பிடித்தது.

"பெரியம்மா என்ன சொன்னாங்க?"

"நீங்க அந்தக் குரூப்புல இல்லையா? அட, அது அம்மாமாரு பொறந்த வீட்டுக் குரூப்பு. கேளுங்க."

பாஸிலா கைப்பேசியை நீட்டினாள். ஜெய்தூன் பீவியின் குரல், வீட்டில் பேசுவதைவிடச் சற்று உரக்க, மேடையில் பேசுவதுபோல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் நல்லாருக்கீகளா? நம்ம இஷாக்கு போன்ல ஒரு ஆட்டம் விட்ருக்கான். எல்லாரும் வாங்குங்க. வாங்கிட்டு அஞ்சு ஸ்டார் போடுங்க. நாலு போட்றாதீக, அப்பறம் கல்யாண வீட்டுல நான் மொகம் குடுத்துப் பேச மாட்டேன். பேரு ஊரு ஒண்ணும் எழுத வேணாம், வீட்டாளுகன்னு தெரிஞ்சு போகும். போட்டு முடிச்சதும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க. காசு முழுசா வந்துரும். எம் மருமக சொல்லிருக்கா. அவ படிச்ச புள்ள, தப்பாச் சொல்ல மாட்டா. யாருக்கும் நட்டமில்ல."

அதற்குக் கீழே ஐம்பத்தேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

ஃபர்ஹீன் அதை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாமியோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள். விலையைக் கேட்டு ஜெய்தூன் வாயில் கை வைத்ததும், சமாதானத்துக்காக, "பயப்படாதீங்க மாமி. பிடிக்கலைன்னா ரெண்டு மணி நேரத்துல திருப்பிக் குடுத்துக்கலாமுங்க, காசு வந்துருமுங்க" என்று சொல்லியிருந்தாள். மாமி அதைக் கேட்டுக்கொண்டே பூண்டைத்தான் உரித்துக்கொண்டிருந்தாள்.

படிச்ச புள்ள.

மூன்று மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெய்தூன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஃபர்ஹீன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துப்பட்டாவை எடுத்து மடித்தாள். அதைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்னம்மா, கடையில யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"பாஸிலா வந்தா மாமி. நீங்க பேசுனதப் போட்டுக் காட்டுனா."

ஜெய்தூனின் முகம் மலர்ந்தது. "கேட்டியா? ஒரே நாளுல அம்பத்தேழு பேரு. கன்னிவாடியில எங்க மாமு மகன் வீட்டுலயே ஒம்பது போனு. அவன்கிட்டச் சொல்லிராத, கூச்சப்படுவான்."

"மாமி, திருப்பிக் குடுத்தா அவங்க காசு அவங்களுக்குப் போயிருமுங்க. சரிதானுங்க. ஆனா வாங்குனவங்கள்ல இத்தன பேரு திருப்பிட்டாங்கன்னு இவருக்குக் கணக்கு வருமுங்க."

"வந்தா என்ன?"

"அதப் பாத்துட்டுத்தான் வெல அநியாயம்னு ஊரே சொல்லுதுன்னு நெனச்சுட்டாருங்க. சாயங்காலம் வெலையக் கொறைக்கப் போறாரு. அப்புறம் சிங்கப்பூருக்குச் சரின்னு எழுதப் போறாரு."

ஜெய்தூனின் கையிலிருந்த சட்டை மடியில் விழுந்தது. பிறகு சட்டென்று கைப்பேசியை எடுத்தாள்.

"என்ன மாமி செய்றீங்க?"

"எல்லாரையும் மறுபடி வாங்கச் சொல்றேன். இந்தத் தடவ எவளும் திருப்பக் கூடாது. திருப்புனா வாசப்படி மிதிக்க வேணாம்னு சொல்லிர்றேன்."

"வேணாங்க மாமி." அதுவரை மாமியின் கையைப் பிடித்துத் தடுக்கிற தைரியம் ஃபர்ஹீனுக்கு வந்ததில்லை. இப்போது பிடித்தாள். "அதுவும் பொய்யிதானுங்க. அவருக்கு நெசம் தெரியணுமுங்க."

"நெசம்னா?"

"நம்மாளுகளக் கழிச்சுட்டுப் பாத்தா நாப்பது பேரு வாங்கியிருக்காங்க. அதுல ஒருத்தருதான் திருப்பியிருக்காரு."

"நாப்பதுதானா?" என்று கேட்டாள் ஜெய்தூன். சற்றுப் பொறுத்து, "ஒருத்தருதானா?" என்றாள்.

இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். எது பெரியது என்று ஃபர்ஹீனுக்கும் தெரியவில்லை.

"நீ சொல்ல வேணாம். ஒம் மேல கோவப்படுவான். நான் அஸரு தொழுதுட்டு வாரேன், நானே சொல்றேன்."

"நானுந்தான சொன்னேன், ரெண்டு மணி நேரம்னு. ரெண்டு பேரும் போலாமுங்க."

ஐந்து மணிக்கு இருவரும் மாடிப்படி ஏறினார்கள். இஷாக் புது விலையை அடித்து வைத்திருந்தான். பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி.

ஜெய்தூன் அறைக்குள் வராமல் நிலைப்படியில் நின்றே சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. நாலு போடக்கூடாது என்று மிரட்டியதைக்கூடச் சொன்னாள். ஃபர்ஹீன் தன் பங்கைச் சொன்னாள்.

இஷாக் கேட்டு முடித்தான். கத்தவில்லை. கணினியின் பக்கம் திரும்பி ஐம்பத்தைந்து ஐந்து நட்சத்திரங்களையும் பார்த்தான்.

"அப்ப இதெல்லாம் பொய்யி."

"பொய்யின்னு ஏன்டா சொல்ற? எல்லாரும் ஆசையாத்தான் போட்டாக."

"ஒருத்தராவது வெளையாண்டாங்களாம்மா?"

ஜெய்தூன் யோசித்தாள். "கன்னிவாடியில சின்னவன் ஒருத்தன் செத்த நேரம் வெளையாண்டானாம். அதுக்குள்ள நேரமாயிருச்சுன்னு அவங்கம்மா புடுங்கித் திருப்பிட்டாளாம்."

அவன் நட்சத்திரப் பக்கத்தை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"திட்டணும்னா திட்டிருப்பா. இப்புடி உக்காராத."

"திட்டல." அவன் குரல் இறங்கியிருந்தது. "காலையில தொண்ணூத்தேழு பேரு வாங்கியிருந்தாங்க. பாராட்ட அம்பத்தஞ்சு பேரு இருந்தாங்க. இப்ப நாப்பது பேரு. ஸ்டாரு நெசமாப் போட்டவன் நாலு பேரு இருப்பான்."

"நாப்பதுல முப்பத்தொம்பது பேரு வச்சிருக்காங்களே" என்றாள் ஃபர்ஹீன். "எழுநூத்தி நாப்பத்தொம்பது குடுத்து வாங்கி, திருப்ப நேரம் இருந்தும் திருப்பலீங்க. அவங்களுக்கு வெல அதிகமாத் தெரியலைதானுங்க?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஒனக்கு?"

எட்டு மாதத்தில் அவன் அதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டால் சொல்லலாம் என்றுதான் அவளும் வைத்திருந்தாள்.

"மொதல்ல அதிகம்னுதாங்க நெனச்சேன். மூணு மாச போன் ரீசார்ஜுக்கு ஆகுதேன்னு தோணுச்சு. நீங்க ரெண்டு பேரும் ஒரு படகத் தொடுறதுக்கு ஒரு மாசம் மெனக்கெட்டதப் பாத்தப்புறம் அப்படித் தோணல. ஆனா..."

"ஆனா?"

"திருப்புன அந்த ஒருத்தரு எழுதியிருக்கறதப் படிச்சீங்களா? மூணு ஸ்டாரு. நானும் நேத்து சரியாப் பாக்கலீங்க."

அவள் தன் கைப்பேசியில் அதை எடுத்து வாசித்தாள். புனைபெயர் 'பழைய வாடிக்கை' என்றிருந்தது.

'விளையாட்டு நன்று. படகு விடுவது மனதுக்கு இதமாக உள்ளது. விலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரக்குப் பட்டியலில் எழுத்து பொடியாக உள்ளது. கண்ணாடி போட்டும் தெரியவில்லை. எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரியாமல் எப்படி வியாபாரம் செய்வது? நாற்பது நிமிடம் முயன்றேன். சரிசெய்தால் மறுபடி வாங்குவேன்.'

"எழுத்தா? எனக்கு நல்லாத் தெரியுதே" என்றான் இஷாக்.

"எனக்கும் தெரியுதுங்க." அவள் ஆட்டத்தில் சரக்குப் பட்டியலைத் திறந்து நீட்டினாள். "மாமி, இத வாசிங்க."

ஜெய்தூன் கைப்பேசியை வாங்கினாள். முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். தள்ளிப் பிடித்தாள். கையை முழுசாக நீட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்தாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா. எழுத்தா இது?"

இஷாக் அம்மாவின் நீட்டிய கையைப் பார்த்தான். அந்தப் பட்டியல் பெரிய கம்ப்யூட்டர்த் திரைக்கு எழுதியது. படகை மாற்றினார்கள், அலையை மாற்றினார்கள், பொத்தான்களை விரலுக்குத் தக்கபடி மாற்றினார்கள். எழுத்தை மட்டும் அப்படியே சுருக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். சோதித்துப் பார்த்தவர்களில் முப்பது வயதைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை.

"இன்னைக்குக் கடையில ஒருத்தரு சண்ட போட்டாருங்க" என்று ஃபர்ஹீன் வேடசந்தூர்க்காரர் கதையைச் சொன்னாள். சுருளிவேல் தலையைச் சொறிந்ததையும் சொன்னாள்.

காலையிலிருந்து முதல் தடவையாக இஷாக் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை. "அப்ப வெல தப்பில்ல. நாங்க சால்னாவ மறந்துட்டோம்."

"வச்சுட்டு வாங்குங்க."

ஐந்தே முக்காலுக்கு அவன் சிவபிரகாஷை அழைத்தான். விலை அப்படியே இருக்கட்டும், பல்பொடி வேண்டாம், எழுத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றான். மறுமுனையில் சிவபிரகாஷ் போட்ட சத்தத்தில் ஜெய்தூன் காதைப் பொத்திக்கொண்டாள்.

சிங்கப்பூருக்கு ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது எழுதினான். வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை. இரண்டு வாரம் அவகாசம் கேட்டிருந்தான். முப்பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் நடத்த முடியாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அனுப்பியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

மஃரிப் தொழுகை முடிந்து சனாவுல்லா வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவரைப் பிழிந்து எடுத்திருந்தது. கூடத்து நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். ஜெய்தூன் சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை. தான் செய்ததை அவரிடம் சொல்லக் கூடாது என்று மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். சிவபிரகாஷோடு உட்கார்ந்து பேச இஷாக் ஆத்தூருக்குக் கிளம்பிப் போயிருந்தான்.

ஃபர்ஹீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கம்மா அவன்? வெலையக் கொறைச்சுட்டானா?"

"இல்லைங்க மாமா. அதே வெலதானுங்க."

"ம்." அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். தம்ளரை அவளிடம் நீட்டினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துண்டு நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"எழுத்தப் பெருசு பண்ணுனதும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஃபர்ஹீன் இரண்டடி நடந்தாள். பிறகு நின்றாள்.

எழுத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். சனாவுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் எதையோ பார்க்க ஆரம்பித்திருந்தார். கையை முழுசாக நீட்டி, கழுத்தைப் பின்னால் சாய்த்து.

அப்படியானால் அந்த ஐம்பத்தெட்டாவது ஆளும் இந்த வீட்டுக்காரர்தான். திருப்பிக் கொடுத்த ஐம்பத்தெட்டு பேரும் சொந்தக்காரர்கள். முகம் தெரியாத முப்பத்தொன்பது பேரில் ஒருவர்கூடத் திருப்பவில்லை.

இதை இஷாக்கிடம் சொல்லலாமா, கூடாதா? தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றுகொண்டிருந்தபோது மாடியில் கணினி ஒரு தடவை மணியடித்தது. ஏதோ பதில் வந்திருந்தது.

அவள் படியேறினாள்.